சந்தைக்காரர்களின் கோயில்

பாரிஸின் சேந்த்-யூஸ்தாஷ் கோயிலைப் பற்றிக் கட்டிடக்கலை அறிந்தவர்கள் நெடுங்காலம் நல்ல வார்த்தை சொன்னதில்லை. நோத்ருதாம் பேராலயத்தை 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த வியோலே-லெ-துயுக் இதைக் கடுமையாகச் சாடினார். உடலைக் கோதிக் முறையில் கட்டிவிட்டு, அதன்மேல் ரோமானிய அலங்காரத்தைப் போர்த்தியிருக்கிறார்கள் என்பது அவருடைய குறை. அவருக்குப் பின் எழுதியவர்களில் பலரும் அதையே சொன்னார்கள். இரண்டுங்கெட்டான் என்ற முத்திரை அந்தக் கோயிலின் மேல் அப்படியே தங்கிவிட்டது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. பேராலயத்தைப் பார்க்கும் கண்ணோடு பங்குக் கோயிலைப் பார்ப்பதால் வரும் பிசகு அது. பேராலயத்துக்குப் பின்னால் ஆயர் இருப்பார், அரசர் இருப்பார், ஒரு முழு நகரத்தின் பெருமிதம் இருக்கும். பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருப்பவர்கள் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள். அவர்கள் கையில் காசு இருந்தபோது சுவர் உயர்ந்தது, இல்லாதபோது நின்றது. சேந்த்-யூஸ்தாஷின் பங்கு மக்கள் யாரென்று தெரிந்துகொண்டு பார்த்தால் அதன் தூண்கள் வேறு கதை சொல்கின்றன.

அந்த மக்கள் சந்தைக்காரர்கள். சேன் ஆற்றின் வலக்கரையில் இருந்த சந்தைக்கு 1183இல் பிலிப் ஓகுஸ்த் என்ற அரசர் கூரையுள்ள கூடங்களைக் கட்டிக் கொடுத்தார். லெ ஆல் என்ற பெயர் அந்தக் கூடங்களால் வந்தது. எட்டு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் பாரிஸ் நகரம் உண்டதெல்லாம் அந்த வழியாகத்தான் போனது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தையின் ஓரத்தில் புனித ஆக்னஸ் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுந்தது. அதைக் கட்டியவர் ழான் அலே என்பவர் என்று ஒரு வழக்கு உண்டு. அரசருக்குக் கடன் கொடுத்திருந்த அவர், அதற்கு ஈடாகச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மீன்கூடைக்கும் ஒரு தெனியே காசு வரி வசூலிக்கும் உரிமையைப் பெற்றாராம். ஏழைகளின் வயிற்றிலடித்துச் சேர்த்த பணம் மனசை உறுத்தவே சிற்றாலயத்தைக் கட்டினாராம். நடந்ததோ இல்லையோ, தங்கள் கோயிலின் அடிக்கல்லுக்குக் கீழே மீன்கூடைக் காசு கிடக்கிறது என்று அந்தப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். அரசரின் கொடை என்றோ கனவில் வந்த காட்சி என்றோ அவர்கள் கதை கட்டவில்லை. மீனும் கடனும் குற்றவுணர்வும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

சிற்றாலயம் பங்குக் கோயிலாயிற்று. புனித தெனி மடத்திலிருந்து எஸ்தாக்கியாரின் (பிரெஞ்சில் யூஸ்தாஷ்) திருப்பண்டம் வந்தபின் பெயரும் மாறியது. சந்தை பெருக, மக்கள் பெருக, பழைய கட்டிடம் போதவில்லை. இன்று நாம் பார்க்கும் கோயிலுக்கு 1532 ஆகஸ்டில், முதலாம் பிரான்சுவா அரசரின் காலத்தில், அடிக்கல் நாட்டினார்கள். அரசர் இத்தாலியக் கலைஞர்களை வரவழைத்துக்கொண்டிருந்த நேரம் அது. கோயில் திருநிலைப்படுத்தப்பட்டது 1637இல். இடையில் 105 ஆண்டுகள். கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்தாந்தினருக்கும் நடந்த மதப் போர்கள் அதற்குள் ஒரு தலைமுறையை விழுங்கின. பணமும் பலமுறை வற்றியது. முதல் வரைபடத்தை யார் போட்டார் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. சில பெயர்களைச் சொல்கிறார்கள், எதையும் அறுதியிட முடியவில்லை.

அந்தப் பெயரில்லாத மனிதர் எடுத்துக்கொண்ட மாதிரி நோத்ருதாம். கால் மணி நேரம் நடந்தால் எட்டிவிடும் தொலைவில், ஆற்றுக்கு நடுவே தீவில், அது ஏற்கெனவே முந்நூறு ஆண்டு பழையதாகி நின்றது. அங்கே போலவே இங்கேயும் நீளவாக்கில் ஐந்து பகுதிகள், பலிபீடத்தைச் சுற்றி வர இரட்டை நடைவழி, சுற்றிலும் சிற்றாலயங்கள். நீளம் 105 மீட்டர். கூரையின் உயரம் 33 மீட்டருக்குச் சற்று மேல், நோத்ருதாமின் உயரத்தோடு ஏறத்தாழ ஒப்பு. ஒரு சந்தைப் பேட்டையின் பங்கு, நகரத்துப் பேராலயத்தின் அளவுக்குத் தன் கோயிலும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறது. அந்த ஆசையின் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

உள்ளே போனவுடன் தலை தானாக மேலே திரும்பும். கூரையின் கல் விலாக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைபோல் விரிகின்றன. சில சந்திகளில் செதுக்கிய கல் குமிழ்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. 33 மீட்டர் உயரத்தில் கல்லைத் தொங்கவிடுவதற்கு எடையின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கொத்தனார்கள் கோதிக் மரபிலிருந்து பெற்றார்கள். சுவருக்கு வெளியே நின்று தோள் கொடுக்கும் கல் வளைவுகளும் அதே மரபு. கூரை பக்கவாட்டில் தள்ளும் விசையை அவை வாங்கித் தரைக்கு இறக்கிவிடுவதால், சுவர் சுமை குறைந்து சாளரத்துக்கு இடம் விடுகிறது. அதனால்தான் இவ்வளவு பெரிய கட்டிடத்துக்குள்ளும் வெளிச்சம் தாராளமாக வருகிறது.

வியோலே-லெ-துயுக்கைச் சினப்படுத்திய தூண்களுக்கு இப்போது வரலாம். கோதிக் தூணில் மெல்லிய தண்டுகள் கட்டாக ஏறிக் கூரை விலாக்களாகப் பிரியும். இங்கே தூணின் உடம்பில் ரோமானிய அரைத்தூண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, இலைச் செதுக்கு. ரோமானிய இலக்கணப்படி தூணின் தடிமனுக்கும் உயரத்துக்கும் ஓர் அளவு உண்டு. இங்கே அந்த அளவு கைவிடப்பட்டிருக்கிறது. சில அரைத்தூண்கள் அளவுக்கு மீறி நீண்டிருக்கின்றன, சில குறுகி நிற்கின்றன. கூரிய வளைவு வரவேண்டிய பல இடங்களில் அரைவட்ட வளைவு வந்திருக்கிறது. இலக்கணம் படித்தவர் கண்ணுக்கு இது உறுத்தும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கொத்தனாரின் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கோதிக் முறையில் கட்டினால் கூரை நிற்கும் என்பது அவருக்கு அப்பன் பாட்டன் வழியாகத் தெரியும். புதிதாக வந்த இத்தாலிய அழகை அவர் ஏடுகளிலும் அரண்மனைகளிலும் பார்த்திருக்கிறார், ஆசைப்பட்டிருக்கிறார். அதற்காகக் கூரையைப் பணயம் வைக்க அவர் தயாராக இல்லை. தெரிந்த முறையில் எலும்பைக் கட்டி, ஆசைப்பட்ட முறையில் தோலைச் செதுக்கினார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதே பாணியைத் தொடர்ந்தார்கள். பாணி மாறிமாறி வந்த 105 ஆண்டுகளிலும் உட்புறம் ஒரே கையால் கட்டியதுபோல் இருப்பதற்குக் காரணம் அந்த விசுவாசம்தான். குழப்பத்தில் பிறந்த கட்டிடம் இவ்வளவு சீராக முடிந்திருக்காது.

தெற்கு வாசலின் முகட்டு உச்சியில் ஒரு கலைமான் தலை இருக்கிறது. கொம்புகளுக்கு நடுவே சிலுவை. எஸ்தாக்கியாரின் கதை அதுதான். ரோமாபுரித் தளபதி பிளாசிதுஸ் வேட்டையாடப் போன இடத்தில் மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் திரும்புகிறார். பிறகு செல்வம் போகிறது. மனைவியைக் கப்பல்காரன் பிடித்துக்கொள்கிறான். பிள்ளைகள் இருவரையும் ஆற்றங்கரையில் விலங்குகள் தூக்கிக்கொண்டு போகின்றன. பல ஆண்டுக்குப் பின் குடும்பம் ஒன்றுசேர்கிறது, சேர்ந்த கையோடு எல்லோரும் வேதசாட்சிகளாக இறக்கிறார்கள். பிரிவும் தேடலும் கூடலும் உள்ள இந்தக் கதையை யாழ்ப்பாணப் பகுதிக் கத்தோலிக்கர் எஸ்தாக்கியார் நாடகமாக, நாட்டுக்கூத்தாக ஆடியிருக்கிறார்கள். போரால் பெயர்ந்த ஈழத் தமிழர்கள் பாரிஸில் கடை விரித்திருக்கும் லா ஷப்பேல் பகுதி, இந்தக் கோயிலுக்கு வடக்கே சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. வீடு இழந்து, குடும்பம் சிதறி, பிறகு ஒருவரையொருவர் தேடிக் கண்டடைந்தவர்களுக்கு அந்த மான் தலையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது.

பங்கு மக்களின் குணத்தைச் சொல்ல 16ஆம் நூற்றாண்டின் பங்குத்தந்தை ரெனே பெனுவா ஒருவர் போதும். விவிலியத்தைப் பிரெஞ்சில் வெளியிட்டு, சொர்போன் இறையியலாளர்களின் கண்டனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். சந்தையில் அவருக்கிருந்த செல்வாக்கைப் பார்த்து ஊரே அவரை ‘லெ ஆலின் பாப்பரசர்’ என்று அழைத்தது. 1593இல் நான்காம் ஆன்றி அரசர் கத்தோலிக்க மதத்துக்குத் திரும்பியபோது உடனிருந்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த நூற்றாண்டில், தங்களுக்கு வேண்டியவரைப் பங்குத்தந்தையாக்க வேண்டும் என்று சந்தைப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அரசியிடமே போய் வாதாடினார்கள் என்றும் சொல்வதுண்டு. கோயில் தங்களுடையது என்பதில் அந்த மீன்காரிகளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்தக் கோயிலின் வரலாற்றில் என்னை விடாமல் தொந்தரவு செய்பவை இரண்டு சாவுகள்.

1622 ஜனவரி 15 அன்று இங்கே ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தது. அப்பா அந்தப் பகுதியில் மெத்தை, திரைச்சீலை வேலை செய்தவர். குழந்தைக்கு ழான் என்று பெயரிட்டார்கள். உலகம் பின்னால் அவரை மோலியேர் என்ற நாடகக்காரராக அறிந்தது. 51 ஆண்டு கழித்து, 1673 பிப்ரவரி 17 அன்று, மேடையில் நோயாளியாக நடித்துக்கொண்டிருந்தபோதே உடல் முடியாமல் போய், அன்றிரவே வீட்டில் இறந்தார். கடைசி நேரத்தில் குருவானவரை அழைத்துவர ஆள் போனது. சேந்த்-யூஸ்தாஷின் குருக்கள் இருவர் வர மறுத்தார்கள். மூன்றாமவர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. நடிகர் தன் தொழிலை முறைப்படி துறக்காமல் இறந்தால் கிறிஸ்தவ அடக்கம் இல்லை என்பது அன்றைய விதி. பங்குத்தந்தை அடக்கத்துக்கு மறுத்தார். மனைவி அர்மாந்த் அரசர் காலில் விழுந்தார். அரசரின் சொல்லுக்குப் பின் பேராயர் இணங்கினார்: இரவில், ஆடம்பரம் இல்லாமல், கோயிலுக்குள் கொண்டுபோகாமல் புதைத்துக்கொள்ளலாம். பங்குக்குச் சொந்தமான புனித சூசையப்பர் கல்லறைத் தோட்டத்தில், தீப்பந்த வெளிச்சத்தில், அந்த அடக்கம் நடந்தது.

பத்தாண்டு கழித்து இன்னொரு இரவு. 1683 செப்டம்பரில் பதினான்காம் லூயியின் நிதி அமைச்சர் ழான்-பப்திஸ்த் கோல்பேர் இறந்தார். அவருக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் இருந்தது, மதிப்புக்குக் குறைவில்லை. ஆனால் பகலில் உடலை எடுத்துப் போக முடியவில்லை. வரிகளால் நொந்த மக்கள் பிணத்தைத் தாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில், காவலோடு இரவில் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மக்கள் நேசித்த ஒருவரைக் கோயில் ஏற்கவில்லை. கோயில் ஏற்ற ஒருவரை மக்கள் பொறுக்கவில்லை. இரண்டு சவங்களும் ஒரே பங்கின் தெருக்களில் இருட்டிலே போயின.

கோல்பேரின் கல்லறைச் சிற்பம் இன்றும் இருக்கிறது. லெ ப்ரனின் வடிவமைப்பில் கொய்ஸ்வோவும் துபியும் செதுக்கியது. அமைச்சர் முழந்தாளிட்டுச் செபிக்கிறார், அருகே நற்பண்புகளின் பெண் உருவங்கள். பளிங்கில் துணி மடிப்பு விழும் விதத்துக்காக மட்டுமே அதன்முன் நேரம் போவது தெரியாமல் நிற்கலாம். தமிழருக்கு அங்கே நிற்க வேறொரு காரணமும் உண்டு. 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கியவர் இவர். பத்தாண்டில் அந்தக் கம்பெனியின் ஆள் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் பதித்தார். கரும்புத் தோட்ட அடிமைகளை நடத்துவதற்கு 1685இல் வெளியான ‘கறுப்புச் சட்டம்’ என்ற கொடிய சட்டத்துக்கு வேலை தொடங்கியதும் இவரே. அந்தக் கூப்பிய கைகளைப் பார்க்கும்போது இவற்றையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

மேற்கு முகப்பு இந்தக் கோயிலின் பலவீனமான பக்கம், அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய முகப்பு பழுதுபட்டு இடிக்கப்பட்டது. வெர்சாய் அரண்மனைக் கட்டிடக் கலைஞரின் பேரன் 1754இல் புதிய முகப்பைத் தொடங்கினார், வேறொருவர் தொடர்ந்தார். உள்ளே இருப்பதோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத கனத்த தூண்கள். இரண்டு கோபுரங்களில் ஒன்று எழுந்தது, மற்றது மொட்டையாக நின்றுவிட்டது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பிறகு புரட்சி. 1791இல் புரட்சித் தலைவர் மிராபோவின் இறுதிச் சடங்கு இங்கே நடந்தது. 1793இல் கோயிலைப் பறித்துக்கொண்டு உள்ளே பகுத்தறிவு விழா எடுத்தார்கள். மேசைகளில் மது, இறைச்சி என்று விருந்து விரித்திருந்ததை அக்கால எழுத்தாளர் மெர்சியே பதிவு செய்திருக்கிறார். அடுத்து அதற்கு ‘வேளாண்மைக் கோயில்’ என்று பெயர் வைத்தார்கள். சந்தைக்கு நடுவே நிற்பதைப் புரட்சிக்காரர்களும் மறக்கவில்லை.

1844 டிசம்பரில் புத்தம்புது ஆர்கனைப் பழுதுபார்க்கும்போது மெழுகுவர்த்தி விழுந்து தீப்பிடித்தது. ஆர்கன் முழுவதும் எரிந்தது. கோயிலைப் புதுப்பிக்கும் வேலை விக்தோர் பல்தார் கைக்கு வந்தது. அதே பல்தார்தான் 1850களில் தொடங்கி எதிரே சந்தைக்கு இரும்பும் கண்ணாடியுமாகப் புகழ்பெற்ற மண்டபங்களைக் கட்டினார். காலையில் பழைய கல்லுக்கு மருந்து, மாலையில் புதிய இரும்புக்கு வரைபடம் என்று அவர் வாழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 1873இல் வெளிவந்த எமில் ஸோலாவின் ‘பாரிஸின் வயிறு’ நாவலில் ஓர் ஓவியன் இரும்புக் கூரையின் வழியே இந்தக் கோயிலைப் பார்த்து, இனி இரும்பு கல்லைக் கொன்றுவிடும் என்கிறான். நூறு ஆண்டு தாங்கவில்லை அந்த வாக்கு. 1969இல் சந்தை நகரத்துக்குத் தெற்கே ரன்ஜிஸுக்குப் போனது. 1971இல் மக்களின் எதிர்ப்பையும் மீறி இரும்பு மண்டபங்களை இடித்தார்கள். ஒன்றே ஒன்றைப் பெயர்த்து நொழான் என்ற ஊரில் நிறுத்தியிருக்கிறார்கள். கோயிலுக்கு முன்னால் சில ஆண்டுகள் ஒரு மாபெரும் பள்ளம் மட்டும் கிடந்தது. இன்று அந்த இடத்தில் தரைக்கடியில் வணிக வளாகம், மேலே பூங்கா.

சந்தையின் கடைசி நாளைக் கோயில் தனக்குள் வைத்திருக்கிறது. ரேமண்ட் மேசன் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்த பெரிய வண்ணச் சிற்பம் அது. 1969 பிப்ரவரி 28 அன்று பாரிஸின் நெஞ்சிலிருந்து பழங்களும் காய்கறிகளும் புறப்பட்டுப் போவது அதன் பொருள். ஆண்களும் பெண்களும் கூடைகளையும் பெட்டிகளையும் சுமந்துகொண்டு நம்மை நோக்கி வருகிறார்கள். அகன்ற முகங்கள், சிவந்த மூக்குகள், காய்கறியின் பளீர் நிறங்கள். பின்னணியில் இதே கோயில். நயமான ரசனை உள்ளவர்கள் முகம் சுளிக்கலாம். புனிதர்கள் நிற்கும் இடத்தில் காய்கறிக்காரர்களை அவர்கள் உருவத்திலேயே நிறுத்தியது, இந்தப் பங்கு தன் மக்களுக்குச் செலுத்திய கடன் என்று நான் நினைக்கிறேன். பன்றி இறைச்சி பதப்படுத்துபவர்களின் சங்கத்துக்கும் இங்கே தனிச் சிற்றாலயம் உண்டு.

வழிகாட்டி நூல்கள் இந்தக் கோயிலின் பெரிய பெயர்களை வரிசையாகச் சொல்லும்: ரிஷ்லியூவும் மதாம் த பொம்பதூரும் திருமுழுக்குப் பெற்றது, மோசார்ட்டின் தாய்க்கு 1778இல் இறுதிச் சடங்கு நடந்தது, பெர்லியோஸின் ‘தே தேயும்’ 1855இல் முதன்முதலாக ஒலித்தது. அவை சரியே. ஆனால் 1871 மே மாதத்தில், பாரிஸ் கம்யூனின் கடைசி நாட்களில், நகர மன்றம் எரிந்தபோது பங்குகளின் பழைய பதிவேடுகளும் சாம்பலாயின. மோலியேரின் திருமுழுக்குப் பதிவை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே பெஃபாரா என்ற ஆய்வாளர் தேடிப் படியெடுத்து வெளியிட்டிருந்ததால் அது தப்பியது. அதே ஏட்டில் முன்னும் பின்னும் இருந்த மீன்காரர், கீரைக்காரி, கூடை முடைபவர், சுமைகூலி ஆகியோரின் குழந்தைகளை யாரும் படியெடுக்கவில்லை. அவர்கள் பெயர்கள் இனிக் கிடைக்கப்போவதில்லை. அவர்கள் இருந்ததற்கு மிஞ்சியிருக்கும் பெரிய சான்று இந்தக் கட்டிடம். அதன் தூண்கள் இலக்கணத்துக்கு ஒத்துவரவில்லை என்ற விமர்சனத்தை இதனால்தான் என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

பங்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. 8,000 குழாய்கள் கொண்ட ஆர்கன் 1989இலிருந்து ஒலிக்கிறது. ஒரு சிற்றாலயத்தில் ஓவியர் கீத் ஹாரிங் 1990இல், எய்ட்ஸ் நோயால் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு செய்த வெண்கலப் பலிபீடப் பலகை இருக்கிறது. அந்நோயால் ஒதுக்கப்பட்டவர்களோடு இந்தப் பங்கு உடன் நின்றதன் அடையாளம் அது. மோலியேருக்கு மூடிய கதவு இது என்பதை நினைத்தால், அந்தப் பலகை அங்கே இருப்பது சிறிய செய்தியல்ல.

பாரிஸ் போகும் தமிழ் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நோத்ருதாமைப் பார்த்த கையோடு ஆற்றைக் கடந்து இங்கேயும் வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. தெற்கு வாசலில் மான் தலையைப் பாருங்கள், கோல்பேர் முன் நில்லுங்கள், காய்கறிக்காரர்களிடம் அதைவிட அதிக நேரம் நில்லுங்கள். போவது குளிர்காலமென்றால் மாலையில் வெளியே மக்கள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். 1984இலிருந்து ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் முதல் மார்ச் வரை, வீடில்லாதவர்களுக்கும் வறியவர்களுக்கும் தன்னார்வலர்கள் அங்கே சூடாகச் சூப்பும் உணவும் கொடுக்கிறார்கள்.